இரைப்பை அறுவைக்குப் பின் செட்டிநாட்டுப் பந்தியில் உண்பது எப்படி?

இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை அகற்றும் ஸ்லீவ் அறுவைச் சிகிச்சையை எடைக் குறைப்புக்காகச் செய்துகொண்டவர், காரைக்குடிப் பக்கத்து விருந்துக்குச் செல்லும் முன், திட உணவுக்கு மருத்துவரின் அனுமதி கிடைத்திருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். திரவமும் மசித்த உணவுமாக நகரும் முதல் வாரங்களில் பந்தியைத் தவிர்ப்பதே நல்லது.

இலையில் முதலில் புரதத்தைத் தேடுங்கள். நாளொன்றுக்கு 60 கிராமேனும் புரதம் வேண்டும் என்று பொதுவாக அறிவுறுத்தப்படுவதால், சைவப் பந்தியில் பருப்பையும் தயிரையும், அசைவ விருந்தில் காரம் குறைந்த, நன்றாக வெந்த மீனையும் உண்ட பிறகே நான் சோற்றைத் தொடுகிறேன். பெரும்பாலும் அதற்கு இடம் இருப்பதில்லை. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று, நிறைந்த உணர்வு தோன்றியவுடன் நிறுத்திவிட வேண்டும். உணவோடு தண்ணீர் அருந்தாமல், அரை மணி நேரம் கழித்துச் சிறிது சிறிதாகப் பருகலாம்.

கந்தரப்பமும் கவுனி அரிசி இனிப்பும்தான் உண்மையான சோதனை. சர்க்கரை மிகுந்த உணவு குடலுக்குள் விரைந்து இறங்கினால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். உபசரிப்பில் சளைக்காத ஊர் இது என்பதால், “ஆச்சி, வைத்தியர் இவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்” என்று பரிமாறும் முன்பே சொல்லிவிடுங்கள். இலையில் விழுந்த பின் மறுப்பது கடினம்.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இடையே 2 மணி நேரமாவது விட வேண்டும். வாந்தி தொடர்ந்தால் உடனே மருத்துவரை அணுகுங்கள்.