ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கோளாறு: இறக்குவதற்கு முன் நாமே பார்க்க வேண்டியவை

வேகக் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொஞ்சம் முரண்டு பிடித்தாலே "பாக்ஸை இறக்கிப் பார்த்துடலாம்" என்பார்கள். அதற்கு அவசரமில்லை. ஆயில் குறைந்தாலும், பேட்டரி தளர்ந்தாலும், என்ஜின் மிஸ் அடித்தாலும் கியர்பாக்ஸ் போய்விட்டது மாதிரியே தெரியும். என் காரில் காலையில் டி போட்டால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகரும். வளைவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் (என்ஜின் சுற்றும் வேகம்) மட்டும் துள்ளும். அதற்குக் காரணம் தேடிப் போன வரிசைதான் இது.

டார்க் கன்வெர்ட்டர், அதாவது என்ஜினின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம், உள்ள பாக்ஸுக்கு மட்டுமே இது பொருந்தும். டூயல் கிளட்ச், சிவிடி வகைப் பாக்ஸ்கள் எல்லாம் வேறு கதை. உதாரணத்துக்கு இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பாக்ஸான 8எச்பியை எடுத்துக்கொள்கிறேன். பிஎம்டபிள்யூ, ஜாகுவார், டாட்ஜ், புதிய டொயோட்டா சூப்ரா என்று நிறைய வேகக் கார்களில் இதுதான் இருக்கிறது.

1. புகாரைப் பிரித்து எழுதுங்கள்

"கியர் சரியில்லை" என்று எழுதினால் ஒன்றும் பிடிபடாது. கியர் மாறும் நேரத்தில் ஆர்பிஎம் துள்ளுகிறதா, கியர் விழுந்த பிறகும் வழுக்குகிறதா, லேசான ஆக்ஸிலேட்டரில் சீராக ஓடும்போது அதிர்கிறதா, அல்லது டங்கென்று இடிக்கிறதா? எந்தக் கியரில், சூட்டிலா குளிரிலா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இடிப்பு மட்டும்தான் என்றால் முதலில் மவுண்ட் ரப்பரையும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் (பாக்ஸிலிருந்து பின்பக்கம் சக்தி கொண்டுபோகும் தண்டு) ரப்பர் கப்ளிங்கையும் பாருங்கள். பல நேரம் பாக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

2. பேட்டரி, அப்புறம் கோடு (கோளாறுக் குறியீடு)

ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். வோல்டேஜ் சரிந்தால் பாக்ஸின் கம்ப்யூட்டர் சம்பந்தமில்லாத கோடுகளை எல்லாம் பதிந்து வைக்கும்.

ஸ்கேனரில் பி0700 (P0700) வந்தால் பயப்படாதீர்கள். "பாக்ஸின் கம்ப்யூட்டர் ஏதோ சொல்கிறது, அங்கே போய்க் கேள்" என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. உண்மையான கோடு அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும். பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, பி0741 என்றால் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் (என்ஜினையும் பாக்ஸையும் நேரடியாகப் பூட்டுவது) ஒழுங்காகப் பிடிக்கவில்லை, பி0715 என்றால் உள்ளே வரும் வேகத்தை அளக்கும் சென்சார் பக்கம் கோளாறு.

மலிவான ப்ளூடூத் டாங்கிளும் பொதுவான ஆப்பும் பெரும்பாலும் என்ஜினோடு நின்றுவிடும். உங்கள் பிராண்டுக்கென்றே வந்த ஸ்கேனரையோ ஆப்பையோ வாங்குங்கள். இந்த வேலையில் நான் கஞ்சத்தனம் பார்க்காத ஒரே கருவி அதுதான். இன்னொன்று, எதையும் அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அடாப்டேஷன் மதிப்புகளையும் (பாக்ஸ் ஓட ஓடத் தானே கற்றுக்கொண்ட திருத்தங்கள்) சேர்த்து. எடுத்ததுமே ரீசெட் அடித்தால் தடயமும் அதோடு போய்விடும்.

3. ஆயில் அளவு (மெதுவாகப் படியுங்கள்)

8எச்பியில் டிப்ஸ்டிக் கிடையாது. பக்கவாட்டில் உள்ள ஃபில் பிளக்கைத் திறந்து, ஆயில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் அளவு. கேட்க எளிதுதான். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு: என்ஜின் ஓட வேண்டும், ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்க வேண்டும்.

என்ஜினை நிறுத்தினால் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் உள்ள ஆயிலில் ஒரு பகுதி பேனுக்கு (பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டு) இறங்கிவிடும். அந்த நிலையில் வழியும்வரை ஊற்றி மூடினால், ஓடும்போது ஆயில் குறைவாகத்தான் இருக்கும். என் காரில் நடந்தது இதேதான். முன்பு ஆயில் மாற்றிய இடத்தில் என்ஜின் ஓடாமலே நிரப்பியிருந்தார்கள். வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதும் பம்ப் காற்றை இழுத்தது, கிளட்ச்சுக்கு அழுத்தம் போனது, ஆர்பிஎம் துள்ளியது.

சூடு இன்னொரு பொறி. ஆயில் சூட்டில் விரியும். மிகக் குளிர்ந்திருக்கும்போது அளந்தால் கடைசியில் கூடுதலாகி நுரைக்கும். கொதிக்கக் கொதிக்க அளந்தால் குறைவில் போய் முடியும். வழக்கமான வரம்பு 30 முதல் 50 டிகிரி செல்சியஸ். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். நான் 40-ஐக் குறிவைப்பேன். சூட்டைப் பாக்ஸின் சொந்த சென்சாரிலிருந்து ஸ்கேனர் வழியாகப் படியுங்கள். பேனில் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நீட்டி வருகிற எண்ணை நான் நம்புவதில்லை.

செய்முறை: வண்டி நாலு பக்கமும் மட்டமாக நிற்கட்டும், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. என்ஜினை ஓட விட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஆர், டி இரண்டிலும் சில வினாடிகள் வைத்துவிட்டுப் பி-க்கு (பார்க்) வரட்டும். சூடு வரம்புக்குள் வந்ததும் ஃபில் பிளக்கைத் திறவுங்கள். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும், கையுறை கட்டாயம். மெல்லிய நூலாக வழிந்தால் அளவு சரி. கொட்டினால் கூடுதல், வழிவது மெல்லிசாகும்வரை விடுங்கள். எதுவுமே வராவிட்டால் கைப்பம்பால் வழியத் தொடங்கும்வரை ஏற்றுங்கள். பிளக்கை மூடிய பிறகுதான் என்ஜினை நிறுத்த வேண்டும்.

ஆயிலை முழுசாக மாற்றுவதாக இருந்தால் ட்ரெய்ன் பிளக்கைத் தொடும் முன் ஃபில் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். பேனில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிற மாவு படிந்திருப்பது இயல்பு. ஊசி, செதில் மாதிரி உலோகத் துண்டு கிடந்தாலோ கருகிய நாற்றம் அடித்தாலோ உள்ளே தேய்ந்திருக்கிறது. ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

4. எங்கே வழுக்குகிறது?

ஸ்கேனரில் மூன்று வேகங்களைப் பதிவு செய்யுங்கள்: என்ஜின், டர்பைன் (கன்வெர்ட்டரிலிருந்து பாக்ஸுக்குள் போவது), அவுட்புட் (பாக்ஸிலிருந்து வெளியே வருவது). லாக்-அப் பிடித்திருக்கும்போது என்ஜினுக்கும் டர்பைனுக்கும் சில பத்து ஆர்பிஎம் வித்தியாசம் இருக்கலாம். அந்த வித்தியாசம் மேலும் கீழும் ஆடினால் அதிர்வு கன்வெர்ட்டரிலிருந்து வருகிறது. அது ஆடாமல் என்ஜினின் மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறினால் ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள்.

டர்பைனுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவில் கியர் விகிதம்தான் கணக்கு. 8எச்பி வரிசையில் ஒரு மாடலான 8எச்பி70-இல் மூன்றாவது கியர் விகிதம் 2.106. அவுட்புட் 1500 என்றால் டர்பைன் 3160 பக்கத்தில் இருக்க வேண்டும். கியர் முழுசாக விழுந்த பிறகும் 3400 காட்டினால் உள்ளே ஒரு கிளட்ச் வழுக்குகிறது. எது என்றும் ஊகிக்கலாம். இந்தப் பாக்ஸில் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து பிடிப்புகள், எந்தக் கியரிலும் மூன்று மட்டும் பிடித்திருக்கும். முதல் ஐந்து கியரிலும் ரிவர்ஸிலும் வழுக்கி 6, 7, 8-இல் சுத்தமாக இருந்தால் சந்தேகம் பி மேல்தான், ஏனென்றால் அந்த ஆறிலும் பொதுவாக வேலை செய்வது அது ஒன்றே. இந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் மெக்கானிக்கும் உங்களைச் சுற்றவிட மாட்டார்.

பின்சேர்க்கை: ரீமேப் செய்த (என்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டிய) கார்கள்

ஆயில் சரி, கோடு இல்லை, முழு ஆக்ஸிலேட்டரில் மட்டும் வழுக்குகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கிளட்ச்சுக்கு எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்பதை, என்ஜின் கம்ப்யூட்டர் சொல்லும் டார்க் (முறுக்கு விசை) கணக்கை நம்பித்தான் பாக்ஸ் முடிவு செய்கிறது. ட்யூன் செய்தவர் அந்தக் கணக்கைக் குறைத்துக் காட்டியிருந்தால் நல்ல பாக்ஸும் வழுக்கும். ஒரே சாலையில், ஒரே கியரில், ஸ்டாக் ஃபைலிலும் (கம்பெனி மென்பொருள்) ட்யூன் ஃபைலிலும் (மாற்றிய மென்பொருள்) தனித்தனியாகப் பதிவு எடுங்கள். ஸ்டாக்கில் வழுக்கல் இல்லை என்றால் பாக்ஸைத் தொடாமல் ட்யூனரிடம் போங்கள்.