சென்னைய ஊர்க்காரங்க மாதிரி சுத்தணுமா? மொதல்ல டைமிங்க பிடிங்க

சென்னைக்கு வர்ற பாதிப்பேர் ஒரே லிஸ்ட்டோடதான் வர்றாங்க. மெரினா, கபாலி கோயில், சாந்தோம் சர்ச், தி.நகர், ஒரு மால். எல்லாத்தையும் ஒரே நாள்ல கார் வச்சு சுத்திட்டு, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மெரினா மணல்ல நின்னு "என்னப்பா ஊரு இது, இப்படி வேகுது"ன்னுட்டு கெளம்பிடுறாங்க. அந்த நேரத்துல இங்க இருக்கறவங்க யாரும் மெரினா பக்கமே போக மாட்டோம். இந்த ஊர்ல எங்க போறோம்ங்கறதவிட எத்தன மணிக்கு போறோம்ங்கறதுதான் முக்கியம், ஒவ்வொரு ஏரியாவுக்கும் அது களைகட்டுற ஒரு நேரம் இருக்கு, அந்த நேரத்துக்கு அங்க போய் நின்னுட்டா போதும், கைடு யாரும் தேவையில்ல. அதனால ஒரு நாளைக்கு ஒரு ஏரியா, ரொம்ப போனா ரெண்டு. அதுக்கு மேல வேண்டாம், ப்ளீஸ்.

தங்குறதுக்கு எழும்பூர், மாம்பலம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் பாருங்க. ஏர்போர்ட் கிட்டயோ ஓஎம்ஆர்லயோ ரூம் போட்டீங்கன்னா பாதி நாள் ரோட்லயே போயிடும்.

அப்புறம் கார் வேண்டாம், பஸ்ஸுதான். பெரம்பூர்ல இருந்து பெசன்ட் நகர் போற 29சி இருக்கே, அதுல ஒரு தடவ முழுசா உக்காந்து வந்தீங்கன்னா வடக்குல ஆரம்பிச்சு நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், அடையாறுன்னு ஊரு எப்படியெல்லாம் மாறுதுன்னு ஜன்னல் வழியாவே பாத்துடலாம். ஆபீஸ் டைம்ல ஏறாதீங்க, பதினொரு மணிக்கு மேல ஏறுனா ஜன்னல் சீட் கெடைக்கும். இடது பக்க சீட்டெல்லாம் லேடீஸ்க்கு, அத ஞாபகம் வச்சுக்கோங்க. வெளியூர் பஸ்ல கண்டக்டர் உங்ககிட்ட வருவாரு, இங்க கூட்டமா இருந்தா அவரு பின்னாடி அவரோட சீட்லயேதான் இருப்பாரு, காசு ஒவ்வொருத்தர் கையா மாறி அவர்கிட்ட போவும், டிக்கெட்டும் மிச்ச சில்லறையும் அதே வழியா திரும்பி வரும். முன்னாடி இருக்கறவர் தோள லேசா தொட்டு "அண்ணா, ஒரு லஸ் பாஸ் பண்ணுங்க"ன்னா போதும் (லஸ்ங்கறது மயிலாப்பூர்ல ஒரு ஸ்டாப், நீங்க இறங்கற ஸ்டாப் பேர சொல்லுங்க). பத்து இருபது ரூபா நோட்டா வச்சுக்கோங்க, ஐநூறு நீட்டாதீங்க. சாதா பஸ்ல 5 ரூபால ஆரம்பிக்குது, முன்னாடி பிங்க் கலர் அடிச்ச பஸ்ல 2021லருந்து லேடீஸ்க்கு டிக்கெட்டுக்கு காசு கெடையாது, வெளியூர் பொண்ணுங்களும் தாராளமா ஏறலாம்.

ட்ரெயின்ல ரெண்டு விஷயம். பீச் ஸ்டேஷன்லருந்து (பாரிமுனைப் பக்கம் இருக்கு, மெரினா இல்ல) தாம்பரம் போற லைன் 1931லயே கரண்ட்ல ஓட ஆரம்பிச்சது, இன்னிக்கும் இந்த ஊர்ல வேகமா போறதுக்கு அதவிட நல்ல வழி இல்ல. இன்னொன்னு பறக்கும் ரயில், பீச்லருந்து வேளச்சேரி வரைக்கும். டூரிஸ்ட் யாரும் இதுல ஏறவே மாட்டேங்கறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். சேப்பாக்கம் தாண்டுனதும் கீழ பக்கிங்காம் கால்வாய் கூடவே வரும், வீடுங்க மொட்டை மாடில துணி காயறது, வத்தல் காயறது எல்லாம் கண்ணுக்கு நேரா தெரியும், கோட்டூர்புரம் கிட்ட அடையாறு ஆத்த தாண்டும். சாயங்காலம் நாலரை அஞ்சு மணிக்கு கதவோரம் நின்னா (உள்ள தள்ளி நில்லுங்க, வெளிய தொங்காதீங்க) காத்து பிச்சுக்கும். ஆட்டோவுக்கு 2013ல கவர்மெண்ட் போட்ட மீட்டர் ரேட்டுக்கு இப்ப வர்றவங்க ரொம்ப கம்மி, அதனால ஆப்ல எவ்ளோ காட்டுதுன்னு பாத்துட்டு ஏறுறதுக்கு முன்னாடியே பேசிக்கோங்க, ஏறுன பிறகு பேசுறது ரெண்டு பேருக்கும் நல்லதில்ல.

சரி, ஏரியாவுக்கு வருவோம்.

மயிலாப்பூர்னா காலைல ஆறு மணி. எட்டு மணி ஆயிட்டா அது வேற ஊரு. ஆறு மணிக்கு மாட வீதில வாசல் தெளிச்சு கோலம் போட்டுட்டு இருப்பாங்க, பூக்காரம்மா கூடையில கதம்பத்த அவுத்துட்டு இருப்பாங்க, தெற்கு மாட வீதில வாழைப்பூ, சுண்டைக்காய், மணத்தக்காளிக் கீரைன்னு சூப்பர்மார்க்கெட்ல பாக்காத காயெல்லாம் இறங்கும். கபாலி கோயில ஒரு சுத்து சுத்திட்டு, குளத்த பாத்துட்டு, ஏழு மணிக்கு மேல ராயர் மெஸ்ஸுக்கு நடந்துடுங்க, அருண்டேல் தெருப் பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்கு. எடம் ரொம்ப சின்னது, ஒரு பந்தி சாப்ட்டு எந்திரிக்கற வரைக்கும் வெளிய நிக்கணும். கெட்டிச் சட்னியோட இட்லி, பொங்கல், காபி. லீவு நாள்ல கூட்டம் தாங்காது, வீக்டேஸ்ல போங்க. வெயில் ஏறுனதும் மாட வீதிலயே காளத்தி கடைல ஒரு ரோஸ்மில்க். அவ்ளோதான், மயிலாப்பூர் முடிஞ்சது. பங்குனி மாசம் வர்றதா இருந்தா மட்டும் தேருக்கு மறுநாள் அறுபத்து மூவர் அன்னிக்கு வாங்க, அன்னிக்கு அந்த நாலு வீதிலயும் கால் வைக்க எடம் இருக்காது, தெருவுக்குத் தெரு மோரு, பானகம், சாப்பாடுன்னு கூப்ட்டு கூப்ட்டு குடுப்பாங்க, வேண்டாம்னு சொல்லாம வாங்கிக்கோங்க.

ஜார்ஜ் டவுனுக்குத்தான் உங்க நேரத்துல பெரும்பங்க ஒதுக்குங்கன்னு சொல்லுவேன். 1639ல இங்கிலீஷ்காரங்க ஜார்ஜ் கோட்டைக்கு எடம் வாங்குன பிறகு அத ஒட்டி வளந்த ஊரு இதுதான், இன்னிக்கும் மொத்த வியாபாரம் எல்லாம் இங்கதான் நடக்குது. தெருவுக்கு ஒரு தொழில். ஆண்டர்சன் தெருல பேப்பரும் கல்யாணப் பத்திரிகையும், தேவராஜ முதலி தெருல கண்ணாடி, தங்கசாலை தெருல பாத்திரம், நகை, நடுநடுவுல சேட்டு வீட்டு ஸ்வீட் கடைங்க. தங்கசாலைல சாயங்காலம் முறுக்கு சாண்ட்விச் கெடைக்கும், ரெண்டு முறுக்குக்கு நடுவுல வெள்ளரிக்கா தக்காளி சட்னி வச்சு தருவாங்க, அது இந்த தெருவோட கண்டுபிடிப்பு. நடுவுல கந்தகோட்டம் முருகன் கோயில், வள்ளலார் சின்ன வயசுல பாடுன எடம், அவ்ளோ சத்தமான கடைவீதிக்குள்ள உள்ள போனா குளத்தோட ஒரு கோயில் இருக்கும்னு வெளிய இருந்து பாத்தா நம்பவே முடியாது. தம்பு செட்டி தெருல காளிகாம்பாள். இதெல்லாம் நடந்துதான் பாக்கணும், தள்ளுவண்டிக்காரர் "வழி வழி"ன்னு கத்துனா உடனே ஓரமா ஒதுங்கிடுங்க, மூட்டை தூக்கறவங்க முன்னாடி நின்னு போட்டோ எடுக்காதீங்க, அவங்களுக்கு அது பொழப்பு. ஞாயித்துக்கிழமை கடை பெரும்பாலும் மூடி இருக்கும். பழைய கட்டடம் மட்டும் நிதானமா பாக்கணும்னா அன்னிக்கு காலைல போங்க, ஊர பாக்கணும்னா வீக்டேஸ் மூணு மணிக்கு மேல.

இருட்டுனதும் அங்கருந்து பீச் ஸ்டேஷன் பக்கம் நடந்து வாங்க. எதிர்ல பர்மா பஜார், அதுக்கு பின்னாடி செகண்ட் லைன் பீச் ரோடு. 1960கள்ல பர்மாவுல கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துகிட்ட பிறகு கப்பல்ல திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்க போட்ட கடைங்க இது. அவங்க கொண்டு வந்த சாப்பாடுதான் அத்தோ. தள்ளுவண்டி கிட்ட நின்னு செய்யறத பாருங்க: மஞ்சளா வேக வச்ச நூடுல்ஸ், நறுக்குன கோஸ், பொரிச்ச வெங்காயம், தட்டை மாதிரி ஒண்ண நொறுக்கிப் போட்டு, புளித்தண்ணி, மொளகாப்பொடி, பூண்டு எண்ணெய், எலுமிச்சை, எல்லாத்தையும் கையாலயே ஒரு பெசை பெசஞ்சு தட்டுல வப்பாங்க. கூடவே சூடா வாழைத்தண்டு சூப், அது தீந்தா திரும்ப கேக்கலாம். முட்டை சாப்பிடறவங்க அவிச்ச முட்டைய கீறி உள்ள வெங்காயமும் புளியும் மொளகாயும் வச்சு தர்றத விட்றாதீங்க, ஒரே வாய்ல போட்டுக்கணும். காரம் தாங்காதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க, "அண்ணா, காரம் கம்மியா"ன்னா பாத்து போடுவாங்க. தமிழ்நாட்டோட மத்த ஊர்லருந்து வர்ற எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு சாப்பாடு இருக்கறதே தெரியாது, அதுக்காகத்தான் இவ்ளோ எழுதறேன்.

மத்தியானம் ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் வெயில் காலத்துல எதுவும் பண்ணாதீங்க. தூங்குங்க, இல்லன்னா எழும்பூர்ல கன்னிமரா லைப்ரரி, 1896லருந்து இருக்கு, பக்கத்துலயே மியூசியம் (வெள்ளிக்கிழமை லீவு).

மெரினாவுக்கு விடியக்காலைல போங்க. சூரியன் எழும்பறது, வாக்கிங் போறவங்க, கொஞ்சம் தெக்க நொச்சிக்குப்பம் பக்கம் போனா வலையிலருந்து மீன் பிரிக்கறது எல்லாம் பாக்கலாம். சாயங்காலத்துக்கு பெசன்ட் நகர் நல்லாருக்கும், கடல் காத்து வந்துடும், தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல் வாங்கிட்டு மணல்ல உக்காந்துடுங்க. ஆனா ரெண்டு பீச்லயும் குளிக்கறதுக்கு இறங்காதீங்க, இழுவை ரொம்ப ஜாஸ்தி, வருஷா வருஷம் வெளியூர்ப் பசங்க உசுர விட்டுடறாங்க, காலு நனைச்சா போதும்.

ரம்ஜான் மாசம்னா சாயங்காலம் திருவல்லிக்கேணி, வாலாஜா பள்ளிவாசல் பக்கம். அங்க நோன்பு திறக்கறப்போ சிந்தி இந்துக் குடும்பங்க வந்து பல வருஷமா சாப்பாடு பரிமாறிட்டு இருக்காங்க. மார்கழின்னா கர்நாடக சங்கீத சபா சீசன், கச்சேரி பழக்கம் இல்லாட்டியும் பரவால்ல, மத்தியானம் சின்னப் பசங்க பாடறதுக்கு நெறைய சபால டிக்கெட் இல்ல, கேட்டுட்டு கேண்டீன்ல எல போட்டு சாப்ட்டு வரலாம்.

வெள்ளிக்கிழமை ஒண்ணு கையில மிச்சம் இருந்தா பல்லாவரம் சந்தைக்கு போயிடுங்க. தாம்பரம் லோக்கல்ல ஏறி பல்லாவரம் ஸ்டேஷன்ல இறங்கி பழைய டிரங்க் ரோடு கேட்டா யாரும் சொல்லுவாங்க. செடி, காய், கருவாடு, பழைய டிவி, சைக்கிள் பார்ட்ஸ், யாரோ வீட்டு பித்தளை விளக்குன்னு எல்லாம் தரையில கெடக்கும். எலக்ட்ரிக் சாமான்னா வாங்கறதுக்கு முன்னாடி ஓடுதான்னு போட்டுக் காட்ட சொல்லுங்க, சொன்ன வெலைல பாதிலருந்து பேச்ச ஆரம்பிங்க, பையும் தண்ணியும் வீட்லருந்தே எடுத்துட்டு போங்க, பத்து மணிக்குள்ள போயிட்டா நல்ல செடியா பொறுக்கிக்கலாம்.