எக்ஸ்பயரியா, பெஸ்ட் பிஃபோரா? பொதியைத் திருப்பிப் பாருங்கள்

இலங்கையின் திருகோணமலையை அடுத்த உப்புவெளியில், நிலாவெளி வீதியோரமாக எனக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. "அண்ணா, திகதி முடிந்தால் எறியத்தான் வேண்டுமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தத் திகதி?

பொதியில் 'எக்ஸ்பயரி', 'ஈ.எக்ஸ்.பி.', 'யூஸ் பை' என்று இருந்தால் அது காலாவதித் திகதி. அதற்குப் பிறகு அந்தப் பொருளை விற்கவும் கூடாது, உண்ணவும் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் பேச்சு வேறு. பொதி பிரிக்கப்படாமல் இருந்தால் சுவையும் மணமும் மொறுமொறுப்பும் அந்தத் திகதி வரை குறையாது என்பது உற்பத்தியாளரின் வாக்கு. மறுநாளே அது நஞ்சாகிவிடாது. உணவுப் பொதிகளுக்கான சர்வதேசத் தரமான கோடெக்ஸ், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இரண்டையும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது.

ஆகவே பெஸ்ட் பிஃபோர் கடந்த பிஸ்கட்டை வீட்டில் பிரித்துப் பாருங்கள். நமத்திருந்தால் எறியுங்கள்; இல்லாவிட்டால் தேநீரோடு சாப்பிடலாம். எண்ணெயில் காறல் வாடை வருகிறதா என்று முகர்ந்தாலே போதும். காலாவதித் திகதி கடந்ததில் மட்டும் மூக்கை நம்பாதீர்கள். லிஸ்டீரியா போன்ற கிருமிகள் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் பெருகும், வாடையும் காட்டாது. குழந்தைப் பால்மாவுக்கும் மருந்துக்கும் விட்டுக்கொடுப்பே வேண்டாம். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து திறந்து ஏறத்தாழ 4 வாரங்களானால், திகதி மிச்சமிருந்தாலும் பெரும்பாலும் வீசவேண்டியதுதான். அதன் தாளில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இனி வாசிக்கும் முறை. சில இந்தியப் பொதிகளில் நேரான திகதி இருக்காது. 'பொதி செய்ததிலிருந்து 6 மாதங்கள்' என்று மட்டும் இருக்கும். உற்பத்தி 2025 ஒக்டோபர் என்றால் 2026 ஏப்ரல் என்று ராக்கையடியில் நின்றே விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரை என்று பொருள். '05.08.26' குழப்பும்: எங்கள் நாட்டுப் பொதியில் அது ஓகஸ்ட் 5, அமெரிக்கப் பொதியில் மே 8. புள்ளி புள்ளியாக அடித்த மையைப் பெருவிரலால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள், அழிந்தால் வைத்துவிடுங்கள். திகதியின் மேல் விலைத்துண்டு ஒட்டியிருந்தால் நகத்தால் உரியுங்கள். நான் கோபிக்கமாட்டேன். கோபிக்கிற முதலாளியிடம் சாமான் வாங்காதீர்கள்.

எந்தத் திகதியும் 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்ற வரியோடு சேர்ந்தே செல்லும். கச்சான் வீசும் மாதங்களில் (கடலையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன்) திருகோணமலையில் தகரக் கூரைக்குக் கீழே எந்த இடம் குளிர்ந்த இடம்? வெயில் விழும் வாசலில் அடுக்கிய யோகட்டுக்கு அச்சிட்ட திகதி உதவாது. பொதியைப் பிரித்த பிறகும் அப்படித்தான். 400 கிராம் பால்மாவை வெட்டினால் காற்றுப் புகாத போத்தலில் கொட்டி இறுக்கி மூடுங்கள். டின் மீன் ஊதியிருந்தால், திகதி இரண்டு வருடம் தள்ளியிருந்தாலும் தொடாதீர்கள்.

காலாவதியான பொருளை விற்பது குற்றம். யாரேனும் விற்றால் பில்லையும் பொதியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம்.

திகதி நெருங்கும்போது நாங்கள் விலை குறைத்து முன்னால் அடுக்குவோம். அது பெஸ்ட் பிஃபோர் என்றால் இரண்டாகவே எடுங்கள், லாபம் உங்களுக்கு. எக்ஸ்பயரி என்றால் இன்றிரவு சாப்பிட்டு முடிக்கக்கூடிய அளவு மட்டும் போதும்.