சுகர் உள்ளவர்கள் வீட்டிலேயே பாதத்தைப் பார்த்துக்கொள்வது எப்படி?

சுகர் கட்டுப்பாடில்லாமல் நாள்பட்டால் பாதத்து நரம்புகள் மெல்ல மரத்துப்போகும். செருப்பில் குத்தி ஏறிய ஆணிகூடத் தெரியாது. வலிக்காததால் புண்ணை யாரும் கவனிப்பதில்லை. சீழ் பிடித்து, விரலையே எடுக்கும் நிலைக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் வலி சொல்ல வேண்டியதைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில், பார்வை. ராத்திரி கால் கழுவியதும் நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். உள்ளங்காலைப் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் காலைத் தூக்கிப் பிடித்தால் போதும். குனிய முடியாதவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறியிருந்தால் அது சேற்றுப்புண். பித்தவெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிகிறதா பாருங்கள். காய்ப்புக்கு அடியில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால், உள்ளே ரத்தம் கட்டிப் புண் உருவாகிறது என்று அர்த்தம். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, தொடு பரிசோதனை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட முறை இது. கருவி எதுவும் வேண்டாம். அம்மாவுக்குப் பார்க்கிறீர்கள் என்றால், காலை நீட்டிப் படுக்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொல்லுங்கள். "நான் தொட்டதும் வலதா இடதான்னு சொல்லும்மா" என்று மட்டும் சொல்லி வையுங்கள். "தெரியுதா, தெரியுதா" என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஊகித்துச் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் ஆள்காட்டி விரல் நுனியை அவருடைய கால்விரல் நுனியில் ஒன்றிரண்டு விநாடி மெதுவாக வைத்து எடுங்கள். அழுத்துவதோ தடவுவதோ கூடாது. வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல் என்பது வரிசை. பதில் வராத விரலை மறுபடி தொட வேண்டாம். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது, டாக்டரிடம் போங்கள். அவர் 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் உறுதி செய்வார். ஆறும் தெரிந்தாலும் வருடம் ஒருமுறை டாக்டர் பாதத்தைப் பார்த்தாக வேண்டும்.

பராமரிப்பு. வெந்நீரில் காலை ஊற வைக்காதீர்கள், சூடு தெரியாமல் வெந்துவிடும். கழுவியதும் விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள். வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ குதிகாலுக்குப் போடலாம், விரலிடுக்கில் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் கார்ன் பிளாஸ்டர் வேண்டவே வேண்டாம்; அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். பிளேடால் சீவுவதும் கூடாது.

செருப்பு. வீட்டுக்குள்ளும் போடுங்கள். பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு நல்லது; மரத்துப்போன காலில் விரலிடுக்கு வார் வைத்த செருப்பு கழன்றுபோனாலும் தெரியாது. போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிக் கல், முள் இருக்கிறதா பாருங்கள். கோயில் பிராகாரத்துக் கல் வெயிலில் கொதிக்கும்; மதியத்தைத் தவிர்த்து, தடித்த பருத்திச் சாக்ஸோடு போங்கள்.

உடனே போக வேண்டிய நேரம். புண், சீழ், நாற்றம், கறுப்பு நிறம், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலியே இல்லாவிட்டாலும் அவசரம்தான். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சார்கோ பாதம் என்பார்கள். டாக்டர் பார்க்கும்வரை அந்தக் காலை ஊன்றாதீர்கள்.