வெயிலுக்கு அஞ்சாத பூச்செடிகள்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சித்திரை வெயிலில் தாக்குப்பிடிக்கும் செடிதான் செடி. நர்சரியில் பூத்துக் குலுங்குவதை எடுக்காதீர்கள். மொட்டு வைத்த, அடியிலிருந்தே கிளைத்த செடியாகப் பாருங்கள். பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வேர் கனமாக வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் வேண்டாம், பையிலேயே ரொம்ப நாள் கிடந்த செடி அது.

நாள் முழுக்க வெயில் விழும் மதிலோரம் காகிதப்பூதான். வேர் பிடித்தபின் தண்ணீரைக் குறைத்தால்தான் அது பூக்கும். தினமும் ஊற்றினால் இலையாகத் தள்ளும். அரைநிழல் என்றால் நந்தியாவட்டை. நித்தியகல்யாணியை நட்டால் போதும், விதை விழுந்து தானே பரவும்.

இட்லிப்பூ வாங்குமுன் யோசியுங்கள். உப்புப் போர்த்தண்ணீரில் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் அந்தத் தண்ணீரில் செடியால் எடுக்க முடியாது. செம்பருத்தி தாங்கும், ஆனால் மாவுப்பூச்சி வரும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள்.

அரளி எதையும் தாங்கும்தான். ஆனால் இலை, பூ, பால் எல்லாமே விஷம். குழந்தையோ ஆடுமாடோ இருக்கும் வீட்டில் நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

நடுவதற்கு ஆடி, ஆவணியைவிட ஐப்பசி மழைதான் எங்கள் ஊருக்குச் சரி.