வெள்ளை நிற்கும்வரை பொறுங்கள்: பூல் வர்ணனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசையில் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் போடும் ஆட்டம் பூல். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பூல் போட்டிகளை இப்போது இளைஞர்கள் கைபேசியிலேயே தமிழ் வர்ணனையோடு நேரலையாகத் தருகிறார்கள். நல்ல விடயம். ஆனால் நாங்கள் செய்த அதே தவறுகள்தான் திரும்பவும் காதில் விழுகின்றன. ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடிப்பது, பெயரைப் பிழையாகச் சொல்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை போகப்போகத் தாமாகவே சரியாகிவிடும்.

விழுந்த பந்தின் பின்னால் ஓடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளோடு ஆடி, 9ஐப் போடுபவர் வெல்லும் நைன்-பால் ஆட்டத்தில் மேசையிலுள்ள மிகச் சிறிய எண்ணையே வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஆகவே 7ஐக் குழியில் போடுவது பாதி வேலைதான். வெள்ளை 8க்கு எந்தக் கோணத்தில் போய் நிற்கிறது என்பதில்தான் மீதி.

அண்மையில் ஓர் இறுதிப் போட்டி. 6-6, கடைசி ஆட்டம். 7 விழுந்ததும் வர்ணனையாளர், "அற்புதம்! இனி இரண்டே பந்துகள், கிண்ணம் கையில்!" என்று கூவினார். திரையிலோ வீரரின் முகம் சுண்டிப்போயிருந்தது. வெள்ளை நான்கு விரற்கடை கூடுதலாக உருண்டு, 8க்கும் குழிக்கும் நேர்கோட்டில் நின்றுவிட்டது. சற்றுச் சாய்வாக நின்றிருந்தால், 8ஐப் போட்ட வேகத்திலேயே அது குஷனில் (மேசையின் மெத்தை விளிம்பில்) பட்டு 9ஐ நோக்கித் திரும்பியிருக்கும். நேர்கோட்டில் மூன்றே வழிகள்: அங்கேயே நிறுத்தலாம், 8இன் பின்னால் உருளவிடலாம், அல்லது வெள்ளையின் அடிப்புறத்தில் அடித்துப் பின்னுக்கு இழுக்கலாம். 9 எதிர்முனையில் குஷனோடு ஒட்டிக் கிடந்தது. அவர் இழுத்தார், வெள்ளை பாதி மேசைதான் வந்தது. 9 தவறியது. உடனே வர்ணனை: "இவ்வளவு இலகுவான பந்தை விட்டுவிட்டாரே!"

இலகுவா? 7 விழுந்தபோதே ஆட்டம் கைநழுவத் தொடங்கிவிட்டது. "வெள்ளை நேராகிவிட்டது, 9க்கு வருவது சிரமம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லாததால், பையன் பதறித் தோற்றான் என்றே அவனுடைய வீட்டார்கூட நம்புகிறார்கள்.

வானொலிக் கிரிக்கெட் பாணி

வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு மௌனம் என்றால் பயம். அங்கே பேச்சு நின்றால் ஒலிபரப்பு அறுந்துவிட்டது என்று நேயர் நினைப்பார். இங்கே மேசை கண்முன்னே இருக்கிறது. வீரர் குனிந்ததும் வாயை மூடுங்கள். மேசையருகே இருந்து பேசினால் உங்கள் ஆலோசனை அவர் காதிலும் விழும்.

"அடுத்து இதைத்தான் அடிப்பார்"

ஊகத்தை ஊகமாகவே சொல்லுங்கள்.

லாபிரைப் பூல் வீரராக்குவது

இலங்கையின் எம். ஜே. எம். லாபிர் 1973இல் பம்பாயில் வென்ற உலக அமெச்சூர் பட்டம் பில்லியர்ட்ஸுக்கானது. அது மூன்று பந்து ஆட்டம், பூல் அல்ல.

விதியை விழுங்குவது

நைன்-பாலில் பிரேக்குக்கு (ஆட்டத்தின் முதல் அடிக்கு) அடுத்த அடியில் மட்டும் வீரர் 'புஷ் அவுட்' என்று அறிவித்து, வேறெந்தப் பந்திலும் படாமலே வெள்ளையை நகர்த்தலாம். அது பவுல் (விதிமீறல்) ஆகாது. அங்கிருந்து ஆடுவதா, அவரையே ஆடச் சொல்வதா என்பது எதிராளியின் விருப்பம். இதை விளக்காவிட்டால், வீட்டிலிருந்து பார்ப்பவர் வீரருக்குக் கை நடுங்கிவிட்டது என்பார். அடுத்தடுத்து மூன்று பவுல் செய்தால் ஆட்டம் போய்விடும் என்ற விதி உள்ள போட்டியானால், இரண்டாவது பவுலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.