யோகா வகுப்புக்கு முன் டூட்டி லிஸ்ட்டைச் சரிசெய்யுங்கள்

டாக்டர்கள் சோர்ந்துபோயிருக்கிறார்கள் என்று யாராவது மேலே எழுதிப் போட்டால், அடுத்த வாரமே ஒரு யோகா வகுப்புக்குச் சுற்றறிக்கை வரும். நைட் டூட்டி முடித்துத் தூங்கப் போகிறவர்களும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டுமாம். யோகாவோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு வார்டின் மனநிலையை முதலில் தீர்மானிப்பது டூட்டி லிஸ்ட்தான்.

நான் மயக்க மருந்து டாக்டர். வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை பாண்டியில். கோவிட்டின் இரண்டு அலைகளிலும் ஐ.சி.யூ.வுக்கு லிஸ்ட் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இன்னொரு கொள்ளைநோய் வந்தால் லிஸ்ட் போடப்போகிறவருக்கும், அதில் பெயர் இருக்கப்போகிறவருக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில், வந்திருப்பது வெறும் களைப்புதானா என்று பாருங்கள். ஒரு நாள் ஆஃப் எடுத்துத் தூங்கி எழுந்தால் களைப்பு போய்விடும். பர்ன்அவுட் அப்படிப் போகாது. உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை; வேலையிடத்து அழுத்தம் சரியாகக் கையாளப்படாமல் நீண்டுபோவதால் வருவது என்கிறது. அடையாளங்கள் மூன்று: தீராத அசதி, வேலைமீது வெறுப்பும் விலகலும், என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம். அசதி எல்லோர் கண்ணிலும் படும். விலகல்தான் படாது. ரவுண்ட்ஸில் “ஏழாம் பெட் ரெண்டு நாள்தான் தாங்கும்” என்று ஒரு பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர்) வானிலை சொல்வதுபோலச் சொல்லி, சுற்றி நிற்பவர்களும் தலையாட்டினால், அந்தப் பையனைத் திட்டாதீர்கள். கடந்த இரண்டு வார லிஸ்ட்டில் அவன் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம். பி.பி.இ. என்ற முழுப் பாதுகாப்பு உடையைப் போட்டுவிட்டால் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. ஏ.சி.யை நிறுத்திய வார்டில் பாண்டியின் மே மாதப் புழுக்கம் எப்படி இருக்கும் என்று உள்ளே நின்றவர்களுக்குத் தெரியும். முடிந்தால் நான்கு மணி நேரம், ஆள் இல்லையென்றால் ஆறு. அதற்கு மேல் யாரையும் உள்ளே வைக்காதீர்கள். காலை, மாலை, இரவு என்று நாளுக்கு நாள் மாற்றாமல், ஒருவருக்கு ஒரு வாரம் ஒரே நேரம் கொடுங்கள். நைட் மட்டும் விதிவிலக்கு: தொடர்ந்து மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆஃப் என்றால் ஆஃப்தான். “கொஞ்சம் அவசரம், யாராவது வரமுடியுமா?” என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால், வருகிறவர் எப்போதும் அதே ஆளாகத்தான் இருப்பார். ரிசர்வ் பெயரை லிஸ்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.

லிஸ்ட்டில் யாரும் எழுதாத ஒரு வேலை உண்டு: வீட்டாருக்குப் போன் பண்ணுவது. பார்க்க அனுமதி இல்லாததால் குடும்பத்துக்கும் நோயாளிக்கும் நடுவே அந்தப் போன் மட்டும்தான் இருந்தது. நிதானமாகப் பேசத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வார்டிலும் இருப்பார்; எல்லோரும் அவர் கையிலேயே போனைக் கொடுப்பார்கள். முதலில் உடைவதும் அவர்தான். அதனால் இதையும் ஒரு டூட்டியாக எழுதி, ஆள் மாற்றுங்கள். இறப்பைச் சொல்லும் போனுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேச, மற்றவர் பக்கத்தில் உட்கார. போனை எடுத்தவர் நோயாளிக்கு என்ன உறவு, அவருடன் வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். “ரொம்ப சீரியஸ்” என்று சுற்றி வளைக்காமல் “இறந்துட்டாருங்க” என்றே சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பக்கம் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். உடலைப் பெறும் நடைமுறையெல்லாம் அதற்குப் பிறகு. போனை வைத்ததும் இருவரும் பத்து நிமிடம் வார்டுக்கு வெளியே இருக்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தையும் லிஸ்ட்டில் எழுதுங்கள், இல்லையென்றால் கிடைக்காது.

வேலை நேரத்தோடு சம்பந்தமே இல்லாத காயமும் உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில் கோவிட்டால் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கும்பல் தாக்கியது. அன்றைக்கு எங்கள் யாருக்கும் கூடுதல் வேலை கிடையாது. இருந்தும் டூட்டி அறையில் ஒருவரும் பேசவில்லை. ஒரே படுக்கைக்கு மூன்று பேர் காத்திருக்கும் இரவும் இந்த மாதிரிக் காயத்தைத்தான் உண்டாக்கும். யாருக்குப் படுக்கை என்ற முடிவை நைட் டூட்டி பி.ஜி.யிடம் தனியாக விடவே கூடாது. சீனியர்கள் இரண்டு பேர், அந்த நோயாளிகளைப் பார்க்காத மூன்றாவது ஒருவர். காரணத்தை எழுதி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பு பங்கிடப்பட்டால் மறுநாள் அந்தப் பையனால் சாப்பிட முடியும்.

மோசமான இரவுக்குப் பிறகு எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து “மனசுல இருக்கறதக் கொட்டுங்க” என்று சொல்லும் ஆர்வம் சிலருக்கு வரும். வேண்டாம். அதிர்ச்சி நடந்த கையோடு இப்படிப் பேசவைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கவில்லை. சம வயது, சம பதவியில் இருக்கும் இருவரை ஜோடியாக்குவது மேல். “நல்லா இருக்கியா?” என்று கேட்டால் “ம், இருக்கேன்” என்றுதான் பதில் வரும். “நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின? என்ன சாப்பிட்ட?” என்று கேட்கச் சொல்லுங்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே காபியை நிறுத்துங்கள். நைட் முடிந்ததும் வண்டியை எடுக்காதீர்கள். டூட்டி அறையில் இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டுக் கிளம்புங்கள். கடலூர் சாலையில் தவளக்குப்பம் தாண்டியபின் தூக்கம் எப்படித் தள்ளும் என்று எனக்குத் தெரியும். (ஊரடங்கில் பாண்டி எல்லையிலுள்ள முள்ளோடை செக்போஸ்ட்டில் அடையாள அட்டை கேட்டு நிறுத்துவார்கள். அதில் தூக்கம் கலைந்தது ஒரு லாபம்.)

அதே சாலையில் எல்லைக்கு முன்னால் வரிசையாக மதுக்கடைகள். தூக்கத்துக்காக ஒரு பெக் என்று தொடங்குவது எளிது. மது தூங்கவைத்துவிட்டுப் பாதி ராத்திரியில் எழுப்பிவிடும். டாக்டர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது: பதற்றத்தைக் குறைத்துத் தூங்கவைக்கும் அல்பிரசோலம் மாத்திரையைத் தனக்குத்தானே எழுதிக்கொள்வது. சில வாரங்களிலேயே அந்த அளவு போதாமல்போகும். உங்கள் சீட்டை இன்னொரு டாக்டர்தான் எழுத வேண்டும்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ.9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை நோயாளிகளுக்குக் கொடுத்திருப்பீர்கள். அதை நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போவது பற்றிக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே பேசுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416; இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். உள்ளூரில் அடையாளம் தெரியும் என்ற கூச்சம் இருந்தால் அடுத்த ஊருக்குப் போங்கள். கடலூர்க்காரர்கள் பாண்டிக்கு வரலாம், பாண்டிக்காரர்கள் சென்னைக்குப் போகலாம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் டாக்டருக்கும் சேர்த்துத்தான் தருகிறது.

அலை இறங்கியதும்தான் நிறையப் பேர் படுத்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத் தள்ளிப்போட்ட ஆபரேஷன்களெல்லாம் வரிசையில் நிற்கும். எங்கள் துறைக்கு மூச்சுவிட இடைவெளியே இருக்காது. ஆபரேஷன் தியேட்டரைத் திறக்கும் தேதி முடிவாகும் முன்பே லீவை எழுதிக்கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையாக “பார்த்துக்கலாம்மா” என்றால் கிடைக்காது. லிஸ்ட் போடுகிறவர் ஸ்டாஃப் நர்ஸ்களின் லீவையும் கேட்டு வாங்க வேண்டும். துப்புரவு வேலை செய்யும் அக்காக்கள் ஒப்பந்தத்தில் இருப்பார்கள். அவர்கள் லீவு எடுத்தால் கூலி போய்விடும். சம்பளத்தோடு ஆஃப் வேண்டும் என்று அந்த ஒப்பந்தக்காரரிடம் துறைத் தலைவரே எழுத்தில் கேட்கும்படி செய்யுங்கள்.